வாக்கர் யார் வீட்டுப் பிள்ளை?

அமெரிக்காவின் வயண்டாட் பூர்வகுடித் தலைவர் வில்லியம் வாக்கரைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பின்னக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். அப்பா வெள்ளைக்காரர். அம்மாவைப் பெற்ற தாத்தாவும் வெள்ளைக்காரர், வியாபாரி. பாட்டி வழியில் மட்டும்தான் பூர்வகுடி இரத்தம். வகுத்துப் பார்த்தால் கையில் நிற்பது ஒரு சின்னப் பங்கு. கணக்கு முடிந்த கையோடு தீர்ப்பும் வந்துவிடுகிறது: இவர் பேருக்குத்தான் வயண்டாட், படிப்பு, பேச்சு, உடை, அரசியல் எல்லாவற்றிலும் வெள்ளைக்காரர், வயண்டாட் மக்களின் அசல் தலைவரைத் தேடுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போய்த் தேட வேண்டும்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது ஏதோ ஒரு தனி மனிதரின் வாழ்க்கை வரலாற்றில் நேர்ந்த பிழை என்றால் விட்டுவிடலாம். ஒரு மக்கள்கூட்டம் தன்னை எப்படி எண்ணிக்கொண்டது என்பதையே அழித்துவிட்டு, அவர்களைக் கலைத்தவர்களின் முழக்கோலை அந்த இடத்தில் வைக்கும் காரியம் அது. வாக்கரின் வாழ்க்கையை ஆராய வருகிறவர் முதலில் அந்தக் கோலைக் கீழே போட வேண்டும். போடாதவரை, காப்பகத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் அவர் கண்ணில் வாக்கர் படமாட்டார்.

யார் இந்த வாக்கர்? 1800இல் இன்றைய மிச்சிகன் மாநிலப் பகுதியில் பிறந்தவர். தந்தையின் பெயரும் வில்லியம் வாக்கர்தான். வர்ஜீனியாவில் சிறுவனாக இருந்தபோது டெலவேர் மக்களிடம் சிறைபட்டு, பிறகு வயண்டாட்டுகளிடம் வந்துசேர்ந்து அவர்களோடே வளர்ந்தவர் அந்த மூத்த வாக்கர். தாய் கேத்தரின் ரேங்கின். மகன் ஒஹையோவின் அப்பர் சாண்டஸ்கியில் வளர்ந்து, ஆங்கிலக் கல்வி பெற்று, மொழிபெயர்ப்பாளராகவும் அஞ்சல் அதிகாரியாகவும் இருந்து, வயண்டாட் தலைவர்களில் ஒருவரானார். 1843இல் தன் மக்களோடு கன்சாஸுக்குப் பெயர்ந்தார். அங்கே நாட்குறிப்பு எழுதினார். 1853இல் நெப்ராஸ்கா பிரதேசத்தின் இடைக்கால ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874இல் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூர்வகுடித் தலைவர்களில் தம் கையாலேயே இவ்வளவு எழுதி வைத்தவர்கள் குறைவு. ஆனால் அந்த எழுத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார்கள்: இவ்வளவு நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர் எப்படி வயண்டாட் ஆவார்?

வயண்டாட்டுகளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அதற்குப் பதில் இருக்கிறது, அதுவும் அச்சில் இருக்கிறது. அமெரிக்க இனவியல் துறையின் முதல் இயக்குநர் ஜான் வெஸ்லி பவல் வயண்டாட் ஆட்சிமுறையைப் பற்றி எழுதிய சிறு ஆய்வு 1881இல் வெளிவந்தது. அவர் விவரிக்கும் ஏற்பாடு இது. மக்கள் பதினொரு குலங்களாக இருந்தார்கள்: மான், கரடி, ஓநாய், பருந்து, முள்ளம்பன்றி, ஆமையில் மட்டும் பல வகை. பிள்ளை தாயின் குலம். வீட்டுக்குத் தலைவி பெண். ஒவ்வொரு குலத்திலும் வீட்டுத் தலைவிகள் கூடி நான்கு பெண்களைக் குலச் சபைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நான்கு பெண்கள் தங்கள் சகோதரர்களிலும் மகன்களிலும் ஒருவரைக் குலத்தலைவராக நிறுத்துவார்கள். எல்லாக் குலங்களும் கூடும் பெருஞ்சபையில் ஐந்தில் நான்கு பங்கு பெண்கள். ஆண்கள் ஒரு பங்கு.

பெயர் வைப்பதும் பெண்கள் கையில்தான். ஆண்டுதோறும் பச்சைச் சோளத் திருநாளில் அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளுக்குக் குலச் சபைப் பெண்கள் பெயர் சூட்டுவார்கள். பெயர்களும் குலத்தின் சொத்து. ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனியே பெயர்த் தொகுதி உண்டு. அந்தக் குலத்துக்கு வெளியே அந்தப் பெயர் போகாது.

இதை ஆராய்ச்சி செய்கிறவரின் மேசையில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒருவரோடு சாவதில்லை. முந்தின தலைமுறையில் ஒருவர் தாங்கிய பெயர் அவர் காலத்துக்குப் பின் அதே குலத்தின் வேறொருவருக்குப் போகலாம். ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு ஒப்பந்தங்களில் ஒரே பெயரைப் பார்த்ததும் ஒரே ஆள் என்று முடிவுகட்டி நீண்ட ஆயுள் கொடுத்துவிட முடியாது. மறுபக்கம், வாக்கர், ஆர்ம்ஸ்ட்ராங், கிளார்க், ஜேன் என்று ஆங்கிலக் குடும்பப் பெயர் உள்ளவரைப் பார்த்ததும் தந்தை வழியே மேலே ஏறி வர்ஜீனியாவிலோ அயர்லாந்திலோ போய் நிற்பதும் வயண்டாட் கணக்கில் தப்பான படியேற்றம். அவர்கள் ஏறும் படி தாயின் பக்கம் இருந்தது. வாக்கர் என்ற பெயரைத் தந்தையிடமிருந்தும், தன்னை வயண்டாட் ஆக்கிய உரிமையைத் தாயிடமிருந்தும் பெற்ற மனிதரை, பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறு எங்கே போய்ச் சேர்வோம்?

தாய் பிறவியிலேயே வயண்டாட்டாக இல்லாவிட்டாலும் கதவு அடைத்திருக்கவில்லை. தத்தெடுப்பு இருந்தது. சிறைபிடித்தவரை ஒரு குடும்பம் ஏற்று, குலம் ஏற்று, பெயர் சூட்டிவிட்டால் அவர் அந்த வீட்டுப் பிள்ளை. ஆடம் பிரவுன் வர்ஜீனியாவில் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிறுவன். வளர்ந்து வயண்டாட் தலைவரானார், டெட்ராய்ட் ஆற்றங்கரையில் பிரவுன்ஸ்டவுன் அவர் பெயரைத் தாங்கியது. ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் அப்படி வந்த இன்னொரு பிள்ளை. ஜோனதன் பாயின்டர் கறுப்பினத்தவர். சிறுவயதில் பிடிபட்டு வயண்டாட் மொழியிலேயே வளர்ந்தவர். 1816இல் ஜான் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் போதகர் அப்பர் சாண்டஸ்கிக்கு வந்தபோது அவர் பேச்சை வயண்டாட் மொழியில் சொன்னவர் இந்தப் பாயின்டர்தான்.

இன்னும் பின்னால் போனால் வயண்டாட் என்ற மக்களே இப்படிச் சேர்ந்து உருவானவர்கள்தான். 1649-50இல் ஹோடெனோசோனி கூட்டமைப்பின் தாக்குதலில் ஹூரன் ஊர்கள் அழிந்தன. தப்பியவர்களில் ஒரு பகுதியினரும் அண்டையிலிருந்த பெட்டுன் மக்களும் அக்கம்பக்கத்தவரும் சேர்ந்து ஏரிகளைச் சுற்றி மேற்கே அலைந்து, பின்பு டெட்ராய்ட்டிலும் சாண்டஸ்கியிலும் குடியமர்ந்தார்கள். அவர்கள்தான் வயண்டாட்டுகள். சிதறிய ஊர்களின் மிச்சங்கள் ஒரு மக்களாக நிலைத்தது, வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் முறை இருந்ததால். அந்த மக்களிடம் போய் "சுத்த இரத்தம் எத்தனை பேர்?" என்று கேட்பவருக்கு அந்த மக்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

அப்படியானால் பின்னம் எங்கிருந்து வந்தது? அரசாங்கத்தின் தாள்களிலிருந்து வந்தது. குடிபெயர்ப்புப் பதிவேடு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல மக்களுக்கும் அரசு பயன்படுத்திய வார்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இடது ஓரத்தில் குடும்பத் தலைவர் பெயர். அடுத்து ஆண்கள்: பத்து வயதுக்குள் எத்தனை, இருபத்தைந்துக்குள் எத்தனை, ஐம்பதுக்குள் எத்தனை, அதற்கு மேல் எத்தனை. பிறகு பெண்களுக்கும் அதே கட்டங்கள். கடைசியில் மொத்தம். எத்தனை பேருக்குச் சோறு, எத்தனை வண்டி என்று தெரிய இது போதும். குலத்துக்கு அதில் கட்டமே இல்லை. வீட்டுத் தலைவியான பெண் அங்கே "25 முதல் 50 வரை" என்ற கட்டத்தில் ஒரு 1. தன் குலத்துக்குத் தலைவரை நிறுத்தியவளும், திருநாளில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டியவளும் அந்த 1-க்குள் போய் மறைகிறாள். பின்னாளில் ஆய்வாளர் அந்தத் தாளை விரித்து, "பெண்களைப் பற்றி ஆவணம் மௌனமாக இருக்கிறது" என்று எழுதுகிறார். ஆவணம் மௌனமாக இல்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது. கேள்வி கேட்டவர் வண்டிக் கணக்கு எழுத வந்தவர்.

1855 சனவரி 31 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. வயண்டாட் இனக்குழு என்ற அமைப்பு கலைந்தது, அதன் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்றது. நிலத்தைப் பங்கிட ஆணையர்கள் பட்டியல் எழுத வேண்டும்: தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளத் தகுதியுள்ளவர்கள் ஒரு பட்டியல், தகுதியற்றவர்கள் ஒரு பட்டியல், அநாதைகளும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களும் ஒரு பட்டியல். தகுதியுள்ளவர் கைக்கு நிலம் உடனே வரும். வரியும் வரும், வாங்க வருகிறவர்களும் வருவார்கள். பலர் சில ஆண்டுகளிலேயே நிலம் இழந்தார்கள். 1867இல் இன்றைய ஓக்லஹோமாவில் வயண்டாட் அமைப்பை மீண்டும் உண்டாக்க வேறொரு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில் இன்னொரு நிபந்தனை: முன்பு குடிமகனாகச் சம்மதித்தவரும் அவர் மனைவி மக்களும் அதில் சேர முடியாது, அந்த இனக்குழு மனமுவந்து ஏற்று, வறுமையாலோ இயலாமையாலோ குடிமகனாக இருக்கத் தகுதியற்றவர் என்று அரசு முகவரும் சான்று தந்தால் மட்டும் சேரலாம். ஒருவன் வயண்டாட்டாக மீள வேண்டுமானால் தன்னால் ஆகாது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1917இல் பூர்வகுடி விவகார ஆணையர் கேட்டோ செல்ஸ் நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை அறிவித்தார்: பாதிக்கும் குறைந்த பூர்வகுடி இரத்தம் உள்ளவர்களைத் தகுதியுள்ளவர்களாகக் கருதி அவர்கள் நிலத்தின் மீதான பாதுகாப்பை விலக்கலாம். பின்னம் அங்கே பட்டவர்த்தனமாக நிற்கிறது. இரத்தம் குறையக் குறைய அரசின் கடமை குறைந்தது. நிலம் சந்தைக்குப் போனது.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் அந்தப் பின்னத்தை எடுத்துக் கையாளும்போது அது எதற்காகச் செய்யப்பட்ட கருவி என்பதை நினைக்க வேண்டும். நினைக்காமல் எடுத்தால், 1855இலும் 1867இலும் பட்டியல் எழுதியவர்களின் வேலையை நூறு ஆண்டு கழித்து அவர் தொடர்கிறார்.

இங்கே எதிர்த்தரப்பிலிருந்து ஒரு வலுவான வாதம் வரும். சட்டப்படி அவர் வயண்டாட்டாகவே இருக்கட்டும். ஆனால் கலப்பினக் குடும்பங்கள்தாம் நிலத்தை விற்றன, அவர்கள் தங்கள் வர்க்கத்துக்காகப் பேசினார்களே தவிர மக்களுக்காகப் பேசவில்லை. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 1836இல் ஒதுக்கீட்டு நிலத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் வாக்கர் ஒருவர். உடன் கையெழுத்திட்டவர்கள் ஜான் பார்னெட், பீகாக். 1855 ஒப்பந்தத்தில் அவர் சகோதரர் ஜோயெல் வாக்கரின் கையெழுத்து இருக்கிறது.

ஆனால் அதே வாக்கரின் 1831ஆம் ஆண்டை என்ன செய்வது? ஒஹையோவைவிட்டு வயண்டாட்டுகளைக் கிளப்ப அரசு நெருக்கியபோது, தருவதாகச் சொன்ன நிலம் எப்படிப்பட்டது என்று பார்த்துவர மக்கள் ஒரு குழுவை மிசூரியின் மேற்கு எல்லைக்கு அனுப்பினார்கள். குழுவை நடத்திச் சென்றவர் வாக்கர். டிசம்பரில் எழுதிய அறிக்கை, நிலம் தகாது என்றது. மரவளம் போதாது, பக்கத்தில் வந்து குடியேறுகிறவர்கள் நல்ல அண்டை வீட்டாராக இருக்க மாட்டார்கள், மிசூரி அடிமைமுறை நிலவும் மாநிலம், அடிமை வைத்திருப்பவர்கள் பூர்வகுடிகளிடம் நட்பாக இருப்பது அரிது என்றும் சேர்த்தது. அந்த அறிக்கைக்குப் பின் வயண்டாட்டுகள் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒஹையோவில் தாக்குப்பிடித்தார்கள். ஒஹையோவைவிட்டுக் கடைசியாகக் கிளப்பப்பட்ட பூர்வகுடிகள் அவர்கள்தான். வெள்ளைக்காரர் நலனுக்காகப் பேசும் ஆளாக வாக்கர் இருந்திருந்தால் 1831இல் ஒரு பக்கம் மாற்றி எழுதியிருந்தால் போதும். காரியம் அன்றே முடிந்திருக்கும்.

இரத்தம் அரசியலைத் தீர்மானிக்கும் என்ற நம்பிக்கை செரோக்கி வரலாற்றில் ஒரு நாள்கூடத் தாங்காது. ஜான் ராஸ் இரத்தக் கணக்கில் எட்டில் ஒரு பங்குதான் செரோக்கி. வெளியேற்றத்தைக் கடைசிவரை எதிர்த்த தலைவர் அவர். பெரும்பான்மை மக்கள் அவர் பின்னால் நின்றார்கள். 1835இல் நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தில் தாயகத்தை விட்டுக்கொடுத்த அணியின் தலைவர் மேஜர் ரிட்ஜ் ராஸைவிட எத்தனையோ மடங்கு 'சுத்தமான' செரோக்கி.

வயண்டாட்டுகளிடமும் அதே கதை. 1844இல் மெதடிஸ்ட் திருச்சபை அடிமைமுறை குறித்து வடக்கு தெற்கு என்று பிளந்தது. அந்தப் பிளவு சில ஆண்டுகளில் கன்சாஸிலிருந்த வயண்டாட் சபையையும் பிளந்தது. வடக்குப் பக்கம் நின்றவர்கள் யார்? வயண்டாட் மொழியில் போதித்த ஸ்குவயர் கிரே ஐஸ். அவரோடு தோளோடு தோளாக, வெள்ளைக்கார முன்னோர் கொண்ட ஜான் ஆர்ம்ஸ்ட்ராங். கோடு இரத்தத்தின் வழியே போகவில்லை. மனச்சாட்சியின் வழியே போனது, சொத்தின் வழியே போனது, உறவின் வழியே போனது. ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதுகிறவர் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பின்னம் அவருக்கு அந்த உழைப்பை மிச்சப்படுத்துகிறது, அதனால்தான் அது இவ்வளவு பிடித்தமாக இருக்கிறது.

இனி, இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கடினமான பகுதி. வாக்கர் தெற்குப் பக்கம் நின்றார். கன்சாஸில் அடிமைகளை வைத்திருந்தார். அடிமை வைத்திருப்பவர்கள் பூர்வகுடிகளுக்கு நண்பர்களாக இருப்பது அரிது என்று 1831இல் எழுதிய அறிக்கைக்குத் தலைமை தாங்கிய அதே மனிதர். அப்பர் சாண்டஸ்கியில் கறுப்பினப் போதகர் ஸ்டூவர்ட் முதன்முதலில் வந்து கதவைத் தட்டியது மூத்த வாக்கரின் வீட்டில். முதலில், ஓடிவந்த அடிமையோ என்று அவர் சந்தேகப்பட்டார். பிறகு நம்பி ஆதரவு தந்தார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை மனிதர்களை விலைக்கு வைத்திருந்தார். இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது.

ஆனால் இந்த இடத்தில்தான் "அவர் உள்ளுக்குள் வெள்ளைக்காரர்" என்ற வாதம் தன் உண்மையான வேலையைச் செய்கிறது. அடிமை வைத்திருந்தது அவருக்குள் இருந்த வெள்ளை இரத்தம் என்று சொல்லிவிட்டால், வயண்டாட்டுகள் கறையற்றவர்களாக மிஞ்சுவார்கள். காட்டில் இருந்த குழந்தைகளைப் போல, வரலாற்றில் எதற்கும் பொறுப்பில்லாதவர்களாக மிஞ்சுவார்கள். இது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தவறு செய்யும் திறன் இல்லாதவர்களாக ஒரு மக்களைக் காட்டுவது அவர்களை மனிதர் கணக்கிலிருந்து எடுப்பதுதான். அதைவிடக் கொடுமை, வாக்கர் வீட்டில் அடிமையாக உழைத்தவர்களையும் அந்த வாதம் மறைத்துவிடுகிறது. அவர்களை அடிமையாக வைத்திருந்தது ஒரு பின்னம் அல்ல. பூர்வகுடிச் சபையில் அமர்ந்து, பூர்வகுடி நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த ஒரு வயண்டாட் தலைவர். செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் மக்களிடையேயும் அடிமைமுறை இருந்தது. அடிமைப்பட்டவர்களின் வரலாற்றை எழுத வேண்டுமானால், அவர்களை அடிமைப்படுத்தியவர் யார் என்பதைச் சரியாக எழுத வேண்டும். வாக்கரை வயண்டாட் என்று ஒப்புக்கொண்டால்தான் இந்தக் குற்றத்தை அது நடந்த வீட்டிலேயே வைத்து விசாரிக்க முடியும்.

ஆளுநர் பதவிக் கதையில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. உள்ளூர் வரலாற்றுப் புத்தகங்களில் வாக்கர் ஒரு முன்னோடிக் குடியேறியாக, நெப்ராஸ்காவின் முதல் ஆளுநராக, பெருமையோடு வருகிறார். அங்கே யாரும் பின்னம் போடுவதில்லை. வயண்டாட் என்பது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுவையான அடைமொழி. 1853 சூலை 26 அன்று அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டம் நடந்த இடம் எது? வயண்டாட் சபை மண்டபம். காங்கிரஸுக்குப் பிரதிநிதியாக நின்ற ஆபெலார்ட் குத்ரி எப்படி அங்கே வந்தார்? வயண்டாட் பெண் குவின்டாரோ நான்சி பிரவுனை மணந்து வந்தார். கூட்டத்தின் பின்னால் இருந்தது ரயில்: மேற்கே போடத் திட்டமிட்ட பாதை நடுப்பகுதி வழியே போக வேண்டுமானால் அந்தப் பிரதேசத்துக்கு ஓர் ஆட்சியமைப்பு வேண்டும். இல்லாவிட்டால் பாதை தெற்கே போய்விடும். ஆனால் ரயில் வந்தால் நிலத்துக்கு ஆள் வரும், 1843இல் ஒஹையோவில் நடந்தது இங்கேயும் நடக்கும். ஒஹையோவில் 1,09,000 ஏக்கரைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். அதற்கு ஈடாக மேற்கே 1,48,000 ஏக்கர் என்று 1842 ஒப்பந்தம் சொன்னது. வந்து இறங்கியபோது நிலம் இல்லை. கன்சாஸ் ஆறு மிசூரியில் கலக்கும் இடத்துப் பள்ளத்தில் கூடாரம் போட்டார்கள். முதல் சில மாதங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் செத்தார்கள். கடைசியில் டெலவேர்களிடம் 46,080 டாலருக்கு 36 சதுர மைல் வாங்கினார்கள்; டெலவேர்கள் மேலும் மூன்று சதுர மைலை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அரசு சொன்ன வாக்கு பத்தே ஆண்டுகளுக்கு முன் என்ன ஆயிற்று என்று கண்ணால் கண்டவர்கள், அடுத்த முறை நிலம் பங்குபோடும் மேசையில் தாங்களே உட்கார நினைத்தார்கள். 1853 கூட்டத்தை இப்படிப் படிக்காமல் முன்னோடி வீரக்கதையாகப் படிப்பவர், வாக்கரைப் புகழ்ந்துகொண்டே வயண்டாட்டுகளை அந்த மண்டபத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்.

இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு நூல் அடித்தளம் உண்டு. வாக்கரின் நாட்குறிப்புகளை வில்லியம் எல்சி கானெலி பதிப்பித்து 1899இல் நெப்ராஸ்கா வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. கானெலி வயண்டாட் கவுன்டியின் எழுத்தராக இருந்தவர்; அந்தக் குடும்பங்களைப் பழகி அறிந்து, வயண்டாட் தாள்களைச் சேர்த்தவர். அவர் இல்லாவிட்டால் பல தாள்கள் நம் காலத்துக்கு வந்திருக்காது. அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் புத்தகத்தின் தலைப்பில் முதலில் நிற்பது இடைக்கால அரசு. நாட்குறிப்பு அதற்குப் பின்னால் நிற்கிறது. நாட்குறிப்பைத் தனியே படித்தால் அதன் எடை வேறு: சபைக் கூட்டங்கள், யார் வீட்டில் யார் நோயில் படுத்திருக்கிறார், யார் செத்தார், வானிலை, தோட்டம், வாஷிங்டனுக்குப் போக வேண்டிய கோரிக்கைகள். ஒரு ஊரின் நடுவில் உட்கார்ந்து எழுதியவரின் நாட்குறிப்பு அது. ஆளுநர் பதவி அதில் ஒரு கோடைகாலத்துக் காரியம்.

வாக்கரின் சொல்லையெல்லாம் அப்படியே நம்பச் சொல்லவில்லை நான். 1833 சனவரியில் அவர் எழுதிய கடிதம் ஒன்று மெதடிஸ்ட் இதழ் ஒன்றில் அச்சாகி நாடெங்கும் பரவியது. மேற்கு மலைகளுக்கு அப்பாலிருந்து நான்கு பேர் வெள்ளைக்காரரின் வேதத்தைக் கேட்டறிய செயின்ட் லூயிஸுக்கு நடந்து வந்தார்கள் என்ற செய்தி. கூடவே நெற்றி தட்டையாக்கப்பட்ட ஒரு தலையின் படம். அதைப் படித்து உருகித்தான் ஓரகன் மிஷன்கள் புறப்பட்டன. ஜேசன் லீ 1834இல் போனார். ஆனால் வந்தவர்கள் நெஸ் பெர்ஸ், ஃபிளாட்ஹெட் மக்கள்; பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் தலையைத் தட்டையாக்குவதில்லை. வாக்கர் அவர்களைத் தாமே நேரில் பார்த்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். 1831 பயணம் முடிந்து ஓராண்டுக்கும் மேல் கழித்து எழுதிய கடிதம் அது. ஆகவே அந்தக் கடிதத்தை நெஸ் பெர்ஸ் மக்களைப் பற்றிய சாட்சியாக எடுப்பது தவறு. வாக்கரைப் பற்றிய சாட்சியாக எடுக்கலாம்: கிழக்கே இருக்கும் மெதடிஸ்ட்டுகளுக்கு எந்தக் கதை உள்ளத்தைத் தொடும் என்று நன்றாக அறிந்த ஒரு பூர்வகுடி எழுத்தாளர். "பொய்யர், ஆகவே அசல் அல்ல" என்று இந்தக் கடிதத்தை வைத்து அவரைத் தள்ளுகிறவர்கள், பூர்வகுடித் தலைவர் என்றால் எழுதத் தெரியாதவராக, எழுதினாலும் கள்ளம் அறியாதவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எந்த வெள்ளைக்கார அரசியல்வாதியிடமும் அவர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை.

கண்ணால் பார்த்து அசல் எது என்று முடிவுசெய்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 1842இல் வெளியேற்ற ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களில் சார்லஸ் டிக்கன்ஸ் அப்பர் சாண்டஸ்கி வழியே கோச்சு வண்டியில் போனார். ஒப்பந்தத்தை முடித்த முகவரைச் சத்திரத்தில் சந்தித்தார். வழியில் சடை மட்டக்குதிரைகளில் போன சில வயண்டாட்டுகளைப் பார்த்து, இங்கிலாந்தில் திரியும் நாடோடிகளைப் போல இருக்கிறார்கள் என்று பயண நூலில் எழுதினார். மக்கள் பெரும்பான்மையாகக் கல்லறைகளைவிட்டுப் போக மனமின்றி ஒப்பந்தத்தை ஏற்றதையும் முகவர் சொல்லக் கேட்டுப் பதிந்தார். அவர் பார்த்த அந்த ஊரில் அன்று சபை இருந்தது, பள்ளி இருந்தது, 1824இல் கட்டிய கல் கோயில் இருந்தது, புத்தகம் படித்துக் கடிதம் எழுதும் வாக்கர் போன்றவர்கள் இருந்தார்கள். வண்டியின் சன்னலில் தெரிந்தது குதிரை மட்டும்தான்.

கல்லறைகள் மீண்டும் வருகின்றன. கன்சாஸ் ஆற்றங்கரைப் பள்ளத்தில் 1843இல் செத்தவர்களை மேட்டுக்குத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். அந்த மேடு இன்று கன்சாஸ் நகரின் நட்டநடுவில், ஏழாவது தெருவும் மினசோட்டா நிழற்சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. நகரம் வளர வளர அந்த இடத்தின் விலை ஏறியது. 1906இல் அதை விற்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. லைடா கான்லியும் அவர் சகோதரிகளும் கல்லறைகளுக்கு நடுவே ஆறடிக்கு எட்டடியில் ஒரு மரக் கொட்டகை போட்டு, துப்பாக்கியோடு உட்கார்ந்தார்கள். லைடா சட்டம் படித்தவர். தந்தை ஆண்ட்ரூ கான்லி வெள்ளைக்காரர். தாய் வயண்டாட், அந்த மேட்டில்தான் புதைக்கப்பட்டிருந்தார். பின்னம் போட்டால் லைடாவிடமும் சின்னப் பங்குதான் மிஞ்சும். குடும்பம் 1855 ஒப்பந்தப்படி குடிமக்கள் ஆகிவிட்டது. கலைந்துபோன இனக்குழுவின் பேரில் உரிமை கேட்க இவர் யார் என்று கேட்க எல்லா இடமும் இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தன் வழக்கைத் தானே நடத்தினார். 1910 சனவரி 31 அன்று நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 55 ஆண்டு.

லைடா கொட்டகைக்குத் திரும்பினார். விற்பனை அனுமதியைக் காங்கிரஸ் 1913இல் ரத்து செய்தது. 1946இல் இறந்த அவரையும் அம்மா இருந்த அந்த மேட்டிலேயே புதைத்தார்கள்.